பழைய அமைச்சர் வீட்டுக்குப் போன ஃபேக்ஸ்

கான்சாபுரத்துல இருந்து பேசறேன். எங்க ஊர் மலையடிவாரம், கடல் ரொம்ப தூரம். ஆனா டேட்டாபேஸ் சர்வர்ல இருந்து அலர்ட் மெயில் வரலைன்னு யார் கேட்டாலும், எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது 2004 டிசம்பர் 26 தான்.

அன்னிக்குக் காலை 6.29 மணிக்கு சுமத்ரா பக்கம் கடலடியில் நிலநடுக்கம். தமிழகக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையத்துக்கு நிலநடுக்கம் சில நிமிஷத்திலேயே தெரிஞ்சுடுச்சு. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரைக் கூப்பிடுவது என்கிற பட்டியல் அவர்களிடம் இல்லை.

இங்கே நடந்தது அதைவிட மோசம். வானிலைத் துறை அனுப்பிய நிலநடுக்கத் தகவல் ஃபேக்ஸ், முரளி மனோகர் ஜோஷி வீட்டுக்குப் போனது. அவர் அமைச்சர் பதவியில் இருந்து இறங்கி ஏழு மாசம் ஆகியிருந்தது; துறை கபில் சிபலிடம் இருந்தது. மெஷின் ஓடுச்சு, லைன் கிடைச்சுது, ஃபேக்ஸ் போச்சு. மாத்தாம விட்டது முகவரியை மட்டும்தான். அது சரியான இடத்துக்குப் போயிருந்தாலும் நாகப்பட்டினத்தைக் காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அமைச்சர் மேசையில் இருந்து அக்கரைப்பேட்டை குப்பத்துக்கு அப்போ வழியே கிடையாது. அந்த ஒரு மாவட்டத்துலயே 6,000 பேருக்கு மேல இறந்தாங்க.

அதே காலையில புதுச்சேரி நல்லவாடுல வேற கதை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் அங்கே இருந்தது. அலை உயரம், காற்று வேகம் எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் செய்தி பார்த்துட்டு போன் போட்டார். ஊர்க்காரங்க அந்த ஒலிபெருக்கியிலேயே சொன்னாங்க. சுமார் 3,600 பேரும் தப்பினாங்க. தினமும் பேசின குரல், அதனால ஓடினாங்கன்னு நினைக்கிறேன்.

2007-ல் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தில் நம்ம சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ல் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தப்போ எட்டு நிமிஷத்துக்குள்ள முதல் அறிவிப்பு போயிடுச்சு.

சரி, சர்வருக்கு வருவோம். எஸ்க்யூஎல் சர்வர்ல 2005 பதிப்புல டேட்டாபேஸ் மெயில் வந்தது. அதுக்கு முன்னாடி சர்வர்லயே அவுட்லுக் போடணும், அது தனி அவஸ்தை. டெஸ்ட் மெயில் வருது, ராத்திரி பேக்கப் ஃபெயில் ஆனா மெயில் வரலைன்னா, முதல்ல ஏஜென்ட் பிராப்பர்ட்டீஸ்ல அலர்ட் சிஸ்டம் பக்கத்தில் மெயில் ப்ரொஃபைல் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. டிக் பண்ணின பிறகு ஏஜென்டை ரீஸ்டார்ட் பண்ணணும். அடுத்து, அந்த ஜாப்ல நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் ஆபரேட்டர் பெயர் இருக்கா?

லாக்ல 'சென்ட்'னு இருந்தா பலர் அங்கேயே நிறுத்திடறாங்க. அது மெயில் சர்வர் வாங்கிக்கிச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. ராஜபாளையத்துல ஒரு நூற்பாலையில போய்ப் பார்த்தேன், மாசக்கணக்கா எல்லாமே 'சென்ட்'. ஆபரேட்டர் முகவரியில இருந்தவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆச்சு. மெயில் பெட்டி மட்டும் உயிரோட இருந்தது. இப்போ அங்கே ஒரு குழு முகவரி போட்டிருக்கு. மாசத்துல ஒரு நாள், வேணும்னே ஃபெயில் ஆகிற ஒரு சின்ன ஜாப் ஓடும். மெயில் பார்த்தவங்க மத்தியானத்துக்குள்ள எனக்கு போன் பண்ணணும்.