ஒரு நரம்பியல் டாக்டரும் ஒரு நீலப் புத்தகமும்

இன்னைக்கு சுகர், பிரஷர், மாத்திரை எதுவும் இல்லை. ஒரு விளையாட்டோட வரலாறு. ஆனா நடுவுல ஒரு டாக்டர் வர்றார். அவரால்தான் எனக்கே இதுல ஆர்வம் வந்தது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் தெரியாதவங்களுக்கு: நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கதை நடத்துறவர். "இருட்டான சுரங்கம், எதிரே ஒரு கதவு, உள்ளே ஏதோ உறுமுது. என்ன பண்றீங்க?" என்று கேட்பார். மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். அவங்க சொல்ற பதில்தான் கதை. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டணும். அவ்வளவுதான்.

இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஒரு டப்பாவுக்குள்ள மூணு சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர். முதல் அச்சு வெறும் 1000 பிரதி.

அதுல கதாபாத்திரம் உருவாக்குறது சுலபம். மூணு பகடையை ஆறு தடவை உருட்டணும். வலிமை, அறிவு, விவேகம், உடல்தாங்கு திறன், லாவகம், வசீகரம் என்று ஆறு எண் வந்துடும். வீரனா, மந்திரவாதியா, பூசாரியா என்று முடிவு பண்ணி, கையில இருக்கிற காசுக்கு ஆயுதம் வாங்கினா ஆள் ரெடி. எங்க ஓ.பி. சீட்டு மாதிரிதான்: வயசு, நாடித்துடிப்பு, பிரஷர் என்று நாலஞ்சு எண். மிச்சத்தை அந்த ஆள் வாயைத் திறந்து பேசும்போதுதான் தெரிஞ்சுக்க முடியும்.

அப்புறம் என்ன பிரச்சினை? விதிகள் புரியலை! எழுதினவங்க ரெண்டு பேரும் பொம்மைச் சிப்பாய்களை வச்சு போர் விளையாட்டு ஆடிப் பழகினவங்க. படிக்கிறவருக்கும் அது தெரியும் என்று நினைச்சே எழுதிட்டாங்க. 'லெவல்' என்ற ஒரே சொல் கதாபாத்திரத்துக்கும் வரும், சுரங்கத்தின் ஆழத்துக்கும் வரும், மந்திரத்துக்கும் வரும், பூதத்துக்கும் வரும். சீனியர் டாக்டர் எழுதின கேஸ் ஷீட்டை முதல் நாள் வந்த ஹவுஸ் சர்ஜன் படிக்கிற கதை.

அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரத்துல கென் செயின்ட் ஆண்ட்ரே என்ற நூலகர் இதைப் படிச்சுக் குழம்பிப் போனார். "நானே எழுதிக்கிறேன்" என்று 1975ல் 'டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' கொண்டு வந்தார். நாலு முகம், இருபது முகம் என்று விசித்திரப் பகடை எதுவும் கிடையாது, சாதாரண ஆறு முகப் பகடை போதும். முதலில் அச்சடிச்சது 100 பிரதி. பக்கத்து வீட்டுப் பையன்கூட அன்னைக்கே ஆடிடலாம்.

இப்போ நம்ம டாக்டர். ஜான் எரிக் ஹோம்ஸ். சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியர். மகன்களோட சேர்ந்து இந்த விளையாட்டை ஆடினவர். புதுசா வர்றவங்களுக்கு இந்த மூணு புத்தகமும் உதவாது என்று அவருக்குப் புரிஞ்சது. கம்பெனிக்குத் தானே எழுதி, "ஆரம்பநிலை விதிப் புத்தகத்தை நான் தொகுத்துத் தர்றேன்" என்று கேட்டார். அவங்களும் சரின்னுட்டாங்க. 1977ல் வந்தது 'பேசிக் செட்'. நீல அட்டை, 50 பக்கத்துக்குள்ள மொத்த விளையாட்டும். முதல் மூணு லெவல் மட்டும்தான்.

ஒரு பேராசிரியர் தன் பாடத்தை விட்டுட்டு, யாரோ எழுதின குழப்பமான விதியை உட்கார்ந்து தெளிவாக்கியிருக்கார். எனக்கு இது சின்ன விஷயமா தோணலை. டிஸ்சார்ஜ் சம்மரியை நோயாளிக்குப் புரியுற மாதிரி எழுதவே நம்மள்ல பாதிப் பேருக்குப் பொறுமை இல்லை.

ஹோம்ஸ் புத்தகத்துல கத்தி, வாள், கோடாலி எல்லாமே ஒரே ஆறு முகப் பகடை அளவுக்குத்தான் காயம் பண்ணும். முதல் லெவல் மந்திரவாதியோட உயிர்ப் புள்ளி, நாலு முகப் பகடையில வர்ற எண். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு அடி பட்டா அவர் சாகிறதுக்கு வாய்ப்பு 75 சதவீதம்! ஐ.சி.யூ.வுலகூட இவ்வளவு மோசம் இல்லை. ஆனா செத்தால் பத்து நிமிஷத்துல இன்னொரு ஆள். சீக்கிரம் சாகிறதால சீக்கிரம் பிறக்கணும். இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது. மூணு மணி நேரம் செதுக்கின ஆளை முதல் கதவுலயே கொன்னா யாருதான் மறுபடி வருவாங்க?

எதிர்த் திசையிலயும் போனாங்க. அதே 1977ல் வந்த 'டிராவலர்' விளையாட்டுல ஆளோட முந்தைய பணி வாழ்க்கை முழுக்க பகடையில உருட்டணும். பகடை சரியில்லைன்னா விளையாட்டு தொடங்கும் முன்னாடியே ஆள் செத்துடுவார், அட்மிஷன் போடுறதுக்கு முன்னாடியே! டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்டு' என்று மூணு கனமான புத்தகமா பெருத்துப் போச்சு.

1980களில் இதே விளையாட்டு மேல பெரிய பழி விழுந்தது. பிள்ளைங்க கதாபாத்திரத்தையும் தங்களையும் குழப்பிக்கிறாங்க, தற்கொலை பண்ணிக்கிறாங்க என்று அமெரிக்காவில் பிரசாரம். 1982ல் மகனை இழந்த ஒரு தாய் அதுக்காக ஒரு இயக்கமே தொடங்கினார். அந்தத் தாயோட வலியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு டாக்டரா சொல்றேன், தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் என்று கைகாட்டும்போது, அந்தப் பிள்ளையோட மனச்சோர்வை யாரும் கேட்காம போயிடுறோம். ஹோம்ஸ் 1981ல் இந்த விளையாட்டுகளைப் பத்தி பொதுமக்களுக்காகத் தனிப் புத்தகமே எழுதினார்.

எளிமை திரும்பவும் வந்தது. 1986ல் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்': மூளை, தசை, வேகம், தைரியம் என்று நாலே குணம், 12 புள்ளியைப் பிரிச்சுப் போட்டால் முடிஞ்சது. 1990களில் எஸ். ஜான் ராஸ் எழுதின 'ரைசஸ்'ல குணமே இல்லை. "குடிகார துப்பறிவாளர்", "சமையல்கார மாவீரன்" என்று நீங்களே பட்டம் வச்சு, பத்து பகடையை அதுங்களுக்குள்ள பங்கு போடணும்.

இதுக்கெல்லாம் முன்னாடியே பிரஷ்ய ராணுவத்துல இது நடந்திருக்கு. 1824ல் ரெய்ஸ்விட்ஸ் என்ற அதிகாரி பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டு வகுத்தார். விதிகள் சுமையாப் போச்சு. 1876ல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, "அட்டவணையைத் தூக்கிப் போடுங்க, அனுபவமுள்ள நடுவர் முடிவு பண்ணட்டும்" என்ற பக்கம் போனார். அங்கேயும் சண்டை இதேதான்!

ஆரம்பிக்கணும்னு யாராவது கேட்டால் நான் கையில கொடுக்கிறது ஜான் ஹார்ப்பர் 2013ல் வெளியிட்ட 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. ஒரே பக்கம், இலவசம். நீங்க ஒரு விண்கலத்தோட ஊழியர். 2லிருந்து 5க்குள்ள ஒரு எண் தேர்ந்தெடுக்கணும். அறிவால் செய்ற காரியம்னா பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழணும், உணர்வால் செய்றதுன்னா மேலே. நான் 4 வச்சிருக்கேன். நீங்க என்ன எண் வைப்பீங்க? கமென்ட்ல சொல்லுங்க.