மணவிழாவுக்குச் சென்ற மைத்துனர்கள்

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் 1387-இல் விசயநகர அமைச்சர் இருகப்பரால் எழுப்பப்பெற்றது. அதன் விதான ஓவியங்களில் நேமிநாதர் வரலாறும் ஒன்று. மணக்கோலத்தில் புறப்பட்ட நேமி, விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டார் என்பது சமண மரபு. மணவிழாப் பயணம் வாழ்வையே திசைதிருப்பும் என்பதற்கு அக்கதை சான்று. தமிழக வரலாற்றிலும் அத்தகைய பயணம் ஒன்று உண்டு. அதில் திசை மாறியது மணமக்களின் வாழ்வு மட்டுமன்று. உடன் சென்ற சிறுவர்களின் வாழ்வுமாகும்.

கண்டி அரசர்கள் தமக்கு நிகரான அரசகுலத்தில் பெண் கொள்ள விரும்பி மதுரையை நாடினர். வீர நரேந்திரசிங்கன் (1707–1739) மதுரை நாயக்கர் குலத்துப் பெண்ணை மணந்தான். பட்டத்தரசிக்கு மகப்பேறு இல்லாமையால், அவள் உடன்பிறந்தான் ஸ்ரீவிசயராசசிங்கன் 1739-இல் அரியணை ஏறினான். அவனும் தமிழகத்திலேயே பெண் கொண்டான். மணமகளுடன் அவள் தந்தை நாரேனப்பரும் இளந்தம்பியர் இருவரும் கண்டிக்கு வந்து சேர்ந்தனர்.

தமிழகத் திருமணங்களில் பொரியிடும் உரிமை மணமகளின் உடன்பிறந்தானுக்கு உண்டு. சடங்கு முடிந்ததும் அவன் ஊர் திரும்புவான். இச்சிறுவர்கள் திரும்பவில்லை. 1736-ஆம் ஆண்டளவில் மதுரையில் நாயக்கர் ஆட்சி வீழ்ந்துவிட்டது. திரும்பிச் செல்வதற்குரிய அரசு அங்கே இல்லை. அக்காள் புகுந்த இல்லமே தம்பியர்க்குத் தாயகமாயிற்று. சிங்களமும் பௌத்தமும் அவர்களது கல்வியாயின.

மூத்தவன் 1747-இல் கீர்த்தி ஸ்ரீராசசிங்கன் என்னும் பெயருடன் அரசனானான். நலிவுற்றிருந்த பௌத்த சங்கத்துக்கு 1753-இல் சயாமிலிருந்து உபாலி தேரரை வருவித்து உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினான். கண்டிப் பெரஹராவில் புத்தர்பிரானின் தந்ததாதுவுக்கு முதலிடம் அளித்தவனும் அவனே. ஆயினும் அவன் திருநீறு அணிவதாகக் குறைகூறப்பட்டது. 1760-இல் பிரபுக்களும் பிக்குகளுள் சிலரும் அவனைக் கொல்லச் சதி செய்தனர், அது முறியடிக்கப்பட்டது. விகாரைகளைப் புதுப்பித்த கையைக் காணாமல் நெற்றியையே கண்டவர்களும் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

இளையவன் ராசாதிராசசிங்கன் (1782–1798) கவிஞன். மொறதொட்ட தம்மக்கந்த தேரரின் மாணாக்கனான அவன், சாதகக் கதையொன்றைப் பொருளாகக் கொண்டு ‘அசதிச தா காவ்ய’ என்னும் சிங்களக் காவியத்தை இயற்றினான். தமிழகத்திலிருந்து மணவிழாவுக்கு வந்த பிள்ளை, வந்த நாட்டு மொழியின் புலவர் வரிசையில் இடம்பெற்றான். மொழி, பிறந்த குலத்தைக் கேட்பதில்லை. தன்னைப் பயின்ற நாவையே கேட்கிறது.

அரசியல் அவ்வாறு கேட்கவில்லை. இவர்களுக்குப் பின் கண்ணுசாமி என்னும் இளைஞன் ஸ்ரீவிக்கிரமராசசிங்கனாக முடிசூடினான். 1815 மார்ச்சு 2-ஆம் நாள் ஆங்கிலேயரும் கண்டித் தலைவர்களும் செய்துகொண்ட உடன்படிக்கை அவன் ஆட்சியைப் பறித்தது. குருதியாலாயினும் மணத்தாலாயினும் அவனுக்கு உறவினரான ஆடவர் அனைவரும் அரசின் பகைவர் என அது அறிவித்தது. இசைவின்றிக் கண்டி நாட்டுள் புகுந்தால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்றும் விதித்தது. மணத்தால் வந்த உறவே குற்றமாயிற்று.

1816-இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்ட அம்மன்னன் 1832-இல் அங்கேயே மறைந்தான். அவனது கல்லறை பாலாற்றங்கரையில் உள்ளது. அந்தப் பாலாறு கிழக்கே ஓடிவந்து, காஞ்சியின் வேகவதியைத் திருமுக்கூடலில் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது.

மணப்பெண் கொண்டுசென்ற சீர்வரிசை இன்று எங்கும் இல்லை. அவள் தம்பியர் பெற்ற அரியணையும் அழிந்தது. இளையவன் சிங்களத்தில் பாடிய காவியம் மட்டும் சிங்கள இலக்கிய வரலாற்றில் நிலைத்து நிற்கிறது.