காயத்துக்கு முந்திய குழந்தை: பேராக்கின் முன்னாள் தோட்டக் குடும்பங்களும் சிறார் சட்டத்தின் 7, 17ஆம் பிரிவுகளும்

பேராக் மாநிலத்தில் மனநலச் சேவையும் சிறார் நலச் சேவையும் ஒன்றையொன்று எட்டாமல் இயங்குகின்றன என்பதை இத்துறையில் எழுதுவோர் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றனர். அதன் காரணம் பற்றித்தான் இக்கட்டுரை மாறுபடுகிறது. இதுவரையிலான ஆய்வுப்போக்கு இரண்டு விளக்கங்களைச் சுற்றியே வந்திருக்கிறது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் (சட்டம் 611) ஒருங்கிணைப்புக்குத் தேவையான அமைப்பைச் சரியாகவே வகுத்திருக்கிறது, ஆள்பற்றாக்குறையால் மாவட்டங்களில் அது முடங்கிக் கிடக்கிறது என்பது ஒன்று. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் குடியாலும் வறுமையாலும் கூச்சத்தாலும் சேவைகளை நாடுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. எனினும் சட்டத்தின் வாசகத்தை ஊன்றிப் படித்தால், தாமதம் நடைமுறையில் நேர்ந்த பிழையாகத் தெரியவில்லை. காயம் வெளிப்பட்ட பிறகே சேவைகள் ஒன்றுகூடும்படி அந்த வாசகம் அமைந்திருக்கிறது என்பதே என் முடிவு.

முதலில் 7ஆம் பிரிவு. 2016 திருத்தம் இப்பிரிவின்படி குழுக்களை நிறுவும் தேசிய அளவிலான மன்றத்தின் அமைப்பை மாற்றியது. ஆனால் என் வாதம் 2001இல் இயற்றப்பட்ட மூல வடிவத்தின் மீது நிற்கிறது. நாடெங்கும் குழந்தைப் பாதுகாப்புக் குழுக்களை நிறுவ வேண்டும் என்று அப்பிரிவு பணிக்கிறது. குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் வட்டார அளவில் கிடைக்கும் சேவைகளை ஒருங்கிணைப்பது அக்குழுக்களின் நோக்கம். முந்தைய ஆய்வுகள் இத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் வாக்கியம் இங்கே முடிவதில்லை. குழந்தைகள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோராக இருந்தால், அல்லது அவ்வாறு ஐயுறப்பட்டால், என்ற நிபந்தனை அதைத் தொடர்கிறது. அந்த நிபந்தனைக்கு உட்படாத குடும்பத்துக்கு இந்தக் குழு இல்லை. குழுவில் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் யார் என்பதும் இதையே உறுதிசெய்கிறது: தலைமையேற்கும் சமூக நல இலாகாப் பாதுகாவலர், ஒரு மருத்துவ அதிகாரி, ஒரு மூத்த காவல் அதிகாரி. காயத்தைக் கண்டறிந்து, சான்று திரட்டி, வழக்குத் தொடுப்பதற்கு ஏற்ற மூவர் இவர்கள். இந்த அமைப்புக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் 1985இல் சிறார் வதையை ஆராயும் குழு தொடங்கியது. 1990இல் ஒரு குழந்தை வதைக்கு உள்ளாகி மாண்டது நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்த கருவி அந்த அதிர்ச்சிக்கு உரிய வேலையை நன்றாகவே செய்யும். நலிந்த குடும்பத்தைத் தாங்கும் வேலையை அதனிடம் எதிர்பார்த்துவிட்டு, பிறகு ஆள் போதவில்லை என்று வருந்துவது பொருந்தாது. தேவைக்கேற்ப வேறு சிலரைச் சேர்த்துக்கொள்ளவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்பது மெய். அவ்வாறு சேர்க்கத்தக்கவர்களில் பூர்வகுடி, இன, பண்பாட்டு, சமயக் கூறுகள் குறித்து அறிவுரை சொல்லத் தகுதியானவரை அப்பிரிவு தனியே சுட்டுகிறது. பண்பாட்டை நினைவில் வைத்திருந்த வரைவாளர்களுக்கு மனநலப் பணியாளர் நினைவில் வரவில்லை.

இனி 17ஆம் பிரிவு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யார் என்பதை வரையறுப்பது இதுதான். ஆகவே 7ஆம் பிரிவின் வாசல் எங்கே திறக்கும் என்பதையும் இதுவே முடிவுசெய்கிறது. மனக்காயத்தை இச்சட்டம் தாராளமாகவே வரையறுக்கிறது என்று பாராட்டும் எழுத்துகள் உண்டு. பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கல், முரட்டுத்தனம், வளர்ச்சித் தாமதம் ஆகியவை அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. ஆனால் அவை குழந்தையின் மனநிலையிலோ உணர்விலோ கணிசமாகவும் கண்கூடாகவும் தெரியும் பாதிப்புக்குச் சான்றாக வர வேண்டும். பாதிப்பு நேரும் கணிசமான அபாயம் இருந்தால் போதும் என்று இன்னோர் உட்பிரிவு சொல்கிறதே என்று கேட்கலாம். அந்த அபாயமும் பெற்றோரோ காப்பாளரோ சுற்றத்தாரோ இழைக்கும் காயம் பற்றியது. எழுந்து சமைக்க முடியாமல் படுத்துக் கிடக்கும் தாய் எதையும் இழைப்பதில்லை. அவளுடைய வீட்டுக்கு நெருங்கி வரும் உட்பிரிவு உணவு, உடை, உறைவிடம், பராமரிப்பு பற்றியது. அங்கே பெற்றோர் புறக்கணித்திருக்க வேண்டும், அல்லது மனமின்றி இருக்க வேண்டும். இயலாமை அங்கே இல்லை. இயலாமையைச் சட்டம் எங்கே ஏற்கிறது என்று தேடினால் கிடைப்பவை வேறு இடங்கள்: பிள்ளை தகாத சேர்க்கையில் விழும்போது அவனைக் கண்காணித்துக் கட்டுப்படுத்த இயலாத பெற்றோர், பிள்ளை தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும்போது அதைச் சீர்செய்ய இயலாத பெற்றோர். அதாவது சோறு போட இயலாத தாயின் ஆறு வயது மகளைச் சட்டம் காணவில்லை. அதே தாயின் பதினான்கு வயது மகன் தெருவில் சண்டையிட்டால் அவளுடைய இயலாமை உடனே சட்டப் பொருளாகிவிடுகிறது. பெற்றோர் தாமாக முன்வந்து சிறார் நீதிமன்றத்தை அணுகச் சட்டம் காட்டும் வழியும், பிள்ளை கட்டுக்கு அடங்கவில்லை என்று எழுதிக் கொடுக்கும் 46ஆம் பிரிவுதான். உதவி கேட்க வரும் தாய் தன் பிள்ளையின்மேல் புகார் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரைவில் நேர்ந்த கவனக்குறைவை நான் பெரிதுபடுத்துகிறேன் என்று சொல்லக்கூடும். ஒரே பிரிவுக்குள் சில இடங்களில் இயலாமையைச் சேர்த்தும் சில இடங்களில் விட்டும் எழுதியிருப்பதை வெறும் தற்செயலாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. தற்செயலாகவே இருந்தாலும் விளைவு மாறாது. மாவட்ட அலுவலகத்தில் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு முன்னால் இருப்பது வரைவாளரின் உள்ளக்கிடக்கை அல்ல, அச்சிட்ட பிரிவுதான்.

மறுபக்கத்தில் மனநலச் சட்டம். தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை, இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, ஈப்போவிலிருந்து எட்டும் தொலைவில் இருக்கிறது. நாட்டிலேயே நெடிய அனுபவம் கொண்ட மனநல நிலையங்களில் ஒன்றை அருகில் வைத்திருக்கும் மாநிலம் இது. 2010இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் (சட்டம் 615) சமூக மனநல மையங்களுக்கு இடமளித்தது. மெந்தாரி மையங்கள் அந்த வழியில் வந்தவை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியதும் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சமூக மனநல மையம் என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை மனக்கோளாறு உடையவரைச் சோதித்து, நோயறிந்து, சிகிச்சை தந்து, மீட்பதோடு நிற்கிறது. நோயாளிக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்கும் கடமையை அது யார்மீதும் சுமத்தவில்லை. சிறார் சட்டத்தின் 27ஆம் பிரிவு மருத்துவருக்கு அறிவிக்கும் கடமையை விதிக்கிறதே என்றால், அது அவர் பரிசோதிக்கும் அல்லது சிகிச்சை தரும் குழந்தையைப் பற்றியது. தாய்க்கு மருந்து எழுதும் மனநல மருத்துவர் அந்தக் கடமைக்கு வெளியே நிற்கிறார். ஒரு சட்டம் நோயாளியைப் பார்க்கிறது, மற்றது காயப்பட்ட குழந்தையைப் பார்க்கிறது. நோயாளியின் காயப்படாத குழந்தை இரண்டுக்கும் இடையில் விழுகிறது.

இந்த இடைவெளி எல்லாக் குடும்பங்களையும் தொடுவது. முன்னாள் தோட்டக் குடும்பங்களிடம் அது ஆழமாக இருப்பதற்கு அவர்களுடைய பண்பாட்டைவிட அவர்கள் வாழ்ந்த நிறுவனத்தின் கலைவுதான் காரணம் என்று கருதுகிறேன். தோட்டத்தை அன்பு நிறைந்த ஊராக நினைவுகூரும் எழுத்துகளை நான் ஏற்கவில்லை. ஆயாக் கொட்டகை தாய்மார்கள் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போவதற்காகக் கட்டப்பட்டது. தோட்ட மருந்தகத்து டிரெசர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தது ஆளை வேலைக்குத் திருப்பி அனுப்ப. ஆயினும் அந்த அமைப்பில் ஒரு தன்மை இருந்தது. காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் தாய் வரவில்லை என்பதும், ஆயாக் கொட்டகைக்குப் பிள்ளை வரவில்லை என்பதும், தோட்டப் பள்ளியில் அண்ணன் வரவில்லை என்பதும் ஒரே ஆபீசில், ஒரே கிராணியின் காதில் விழுந்தன. கட்டுப்பாட்டுக்காகச் சேர்க்கப்பட்ட செய்திகள் என்றாலும் அவை ஓரிடத்தில் சேர்ந்தன. தோட்டத் துண்டாடலும், ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்ததும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் அந்தக் குடும்பங்களைப் புந்தோங், சிலிபின், செம்மோர், சுங்கை சிப்புட் என்று சிதறடித்தன. கட்டுப்பாடு தளர்ந்தது நல்லதே. அதோடு செய்திகள் கூடும் இடமும் போயிற்று; அதன் இடத்தில் வேறொன்றை யாரும் வைக்கவில்லை. இன்று தாயின் நிலை மருத்துவமனைக் கோப்பிலும், மகளின் வருகை பள்ளிப் பதிவேட்டிலும், உதவித்தொகை விண்ணப்பம் சமூக நல இலாகாவிலும் கிடக்கின்றன. மாவட்ட எல்லைகள் இதை மேலும் சிக்கலாக்குகின்றன. சுங்கை சிப்புட் கோலா கங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சோங் ரம்புத்தான் கிந்தா மாவட்டத்தில். கிந்தாவிலிருந்து 2009இல் கம்பார் பிரிந்தது. பத்தாங் பாடாங்கிலிருந்து 2016இல் முவாலிம் பிரிந்தது. ஒருவர் சிகிச்சை பெறும் மாவட்டமும் அவருடைய பிள்ளையின் கோப்பு திறக்கப்படும் மாவட்டமும் வேறாக இருப்பது இந்நிலையில் வியப்பில்லை. இடையில் நிற்கக்கூடியது தமிழ்ப்பள்ளி ஒன்றே. ஆனால் தோட்டங்கள் காலியானதால் பல பள்ளிகளில் மாணவர் தொகை 150க்கும் கீழே போய்விட்டது. ஆலோசக ஆசிரியர் பணியிடமோ மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. தேவை மிகுந்த பள்ளிக்கே ஆள் குறைகிறது.

என் வாசிப்புக்கு எதிரான வலுவான ஆட்சேபம் அச்சத்திலிருந்து எழுவது. சிகிச்சைக்கு வரும் தாயிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து அவள் மறுமுறை வரமாட்டாள். தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே ஏச்சாகப் புழங்கும் நாட்டில் இந்த அச்சத்தை அற்பமாகத் தள்ள முடியாது. சட்டமும் அச்சத்துக்கு இடம் தருகிறது: 30ஆம் பிரிவின்படி நீதிமன்றம் பெற்றோரிடம் பிணையுறுதி வாங்கலாம், பாதுகாவலரின் கண்காணிப்பில் வைக்கலாம், பிள்ளையைத் தகுந்த வேறொருவரிடமோ காப்பிடத்திலோ ஒப்படைக்கவும் செய்யலாம். இதனால்தான் 17ஆம் பிரிவில் இயலாமையைச் சேர்த்துவிடலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. அது ஏழ்மையையே பிள்ளையைப் பிரிக்கும் காரணமாக்கிவிடும். பிரிக்க வேண்டியது 7ஐயும் 17ஐயும் கட்டியிருக்கும் முடிச்சை. நீதிமன்றத்தின் வாசல் இப்போதிருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒருங்கிணைப்பின் வாசல் அதற்கு வெகு முன்னால், பெற்றோரின் நோயறியப்படும் இடத்தில், அவர் ஒப்புதலோடு திறக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் பாதுகாவலரும் காவல் அதிகாரியும் முதல் ஆட்களாக இருக்கத் தேவையில்லை. இது கற்பனையான ஏற்பாடும் அன்று. நார்வே 2010இல் தன் சுகாதாரப் பணியாளர் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: கடுமையான உடல்நோய், மனநோய், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோருக்குச் சிறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டறிந்து, அவர்களுக்கு வேண்டிய தகவலும் தொடர்கவனிப்பும் கிடைக்க உதவுவது மருத்துவப் பணியாளரின் கடமை. அதைச் சிறார் பாதுகாப்புச் சட்டத்தில் வைக்காமல் சுகாதாரச் சட்டத்தில் வைத்ததே அதன் சிறப்பு. கேள்வி கேட்பவர் தாயின் மருத்துவர் பக்கத்து ஆளாக இருக்கிறார், பிள்ளையைத் தேடி வந்த அரசாங்க ஆளாக இல்லை.

ஆள்பற்றாக்குறை வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. காயத்துக்குப் பிறகே திறக்கும் வாசலில் இருமடங்கு ஆட்களை நிறுத்தினால் காயங்கள் இருமடங்கு வேகத்தில் பதிவாகும், அவ்வளவே. இந்தியக் குடும்பங்களை மட்டும் குறிவைப்பதாகும் என்ற கவலையும் நிற்காது. நோயறியும் இடத்தில் எல்லாரிடமும் கேட்கப்படும் கேள்வி எந்த இனத்தையும் குறிவைப்பதில்லை. தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பை வைத்து வேறொரு கேள்வி எழக்கூடும். 5 முதல் 15 வயதுச் சிறாரில் மனநலச் சிக்கல் உடையோர் 2019இல் 7.9 விழுக்காடு, 2023இல் 16.5 விழுக்காடு. இது நோய்த்தொற்றுக் காலத்தின் விளைவு, அமைப்பின் விளைவு அன்று என்பர். இருக்கலாம். ஆனால் அதே 2023 கணக்கெடுப்பு பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்கிறது. 2019இல் அது 2.3 ஆக இருந்தது. இரு தொகைகளும் ஏறக்குறைய இரட்டித்திருக்கும் நிலையில், ஒரே கூரையின் கீழ் வாழும் பெரியவரையும் பிள்ளையையும் இரண்டு தனி அட்டவணைகளில் எண்ணுவது, நான் மேலே சொன்ன பிளவு புள்ளிவிவரத்திலும் நடப்பதையே காட்டுகிறது.

இந்த வாசிப்பைச் சோதிக்க வழி இருக்கிறது. கிந்தா, கோலா கங்சார் மாவட்டங்களின் குழந்தைப் பாதுகாப்புக் குழுக் கோப்புகளை அடையாளங்கள் நீக்கி ஆராயலாம். பிள்ளைக்குக் காயமும் இல்லாமல், பிள்ளையின் நடத்தைமேல் புகாரும் இல்லாமல், பெற்றோரின் மனநோய் ஒன்றை மட்டுமே கொண்டு திறக்கப்பட்ட கோப்புகள் அங்கே கணிசமாக இருந்தால், பிரிவின் வாசகம் இறுக்கமாக இருந்தும் நடைமுறை அதைத் தளர்த்திக்கொண்டது என்று பொருள். ஆள்பற்றாக்குறை வாதம் மீண்டும் உயிர்பெறும். அத்தகைய கோப்புகள் அரிதாகவே கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த ஆய்வை உலு கிந்தா நோயாளர் சேர்க்கைப் படிவத்திலிருந்து தொடங்குவதே முறை. பிள்ளைகளின் பெயரும் வயதும் பள்ளியும் எழுத அதில் இடம் உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.