பீசோவும் வெண்கலப் பட்டயமும்

உரோம வரலாறு எழுதுவோர் நேயசு கல்பூர்னியசு பீசோவைச் செருமானிக்கசின் பகைவனாக மட்டுமே காட்டிச் செல்வர். அங்ஙனம் குறுக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து. மூதவையினனாகிய அவன் கி.மு. 7-இல் திபேரியசுடன் கான்சல் பதவி வகித்தான். ஆப்பிரிக்க மாகாணத்தையும் இசுபெயினின் ஒரு பகுதியையும் ஆண்டான். ஆப்பிரிக்கா சிறுத்தைத் தோல் போன்றது, நீரற்ற பாலையினிடையே ஊர்கள் புள்ளிகளாகக் கிடக்கின்றன என்று பீசோ சொல்லியதாக நிலநூலார் திராபோ குறிக்கின்றார். நாட்டைக் கண்ணுற்றவன் வாக்கு அது.

கி.பி. 17-இல் பேரரசன் திபேரியசு அவனைச் சிரியாவின் ஆளுநனாக்கினான். கீழைநாடுகளின் மேலதிகாரம் பெற்று அங்குச் சென்றவன் பேரரசனின் தத்துப்புதல்வனாகிய செருமானிக்கசு. இருவர்க்கும் பூசல் முற்றிற்று. கி.பி. 19 அக்டோபர் 10-இல் செருமானிக்கசு அந்தியோக்கியாவில் இறந்தான். பீசோ தனக்கு நஞ்சிட்டதாக நம்பியே இறந்தான். சிரியாவை விட்டு நீங்கியிருந்த பீசோ, படையுடன் அதனை மீளக் கைப்பற்ற முயன்று தோற்றான். மறு ஆண்டு மூதவையில் வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு முன்னரே, ஒரு விடியலில், கழுத்து அறுபட்டவனாய்க் காணப்பட்டான். வாள் தரையிற் கிடந்தது.

இவை ஏறத்தாழ நூறாண்டு கழித்து எழுதிய தாசித்தசு கூறுவன. 1996-இல் பதிப்பிக்கப்பெற்ற மூதவைத் தீர்மானம் நமக்கு மற்றொரு சான்றாக வாய்த்தது. தென் இசுபெயினில் கிடைத்த வெண்கலப் பட்டயங்களில் அது பொறிக்கப்பட்டுள்ளது. நாள், கி.பி. 20 திசம்பர் 10. அவையில் இருந்தோர் 301 பேர். வியப்பு யாதெனில், நஞ்சு என்ற சொல்லே அதில் இல்லை. தன் சாவுக்குப் பீசோவே காரணம் எனச் செருமானிக்கசு கூறியதைச் சொல்லி அவை அமைகின்றது. படையொழுக்கம் கெடுத்ததும், பேரரசனின் பொருளைத் தன் பெயரால் வீரர்க்கு வழங்கியதும், வீரர் 'பீசோவினர்', 'சீசரினர்' எனப் பிளவுற்றதுமே விரித்துரைக்கப்படுகின்றன. நஞ்சுக் குற்றம் ஒன்றே மறுக்கப்பட்டது எனத் தாசித்தசு கூறுவதும் இதனோடு ஒத்து நிற்கின்றது. மூதவை அஞ்சியது படைவீரர் பற்று ஒருவனிடம் திரும்புவதையே என நாம் கொள்கின்றோம். ஒவ்வொரு படையணியின் குளிர்காலப் பாசறையிலும் தீர்மானத்தை நிறுவ ஆணையிட்டமை பிறிதெதற்கு?

பீசோவின் படிமங்கள் அகற்றப்பட்டன. பெண்டிர் அவனுக்காகத் துயர் காத்தலும் தடுக்கப்பட்டது. மனைவி பிளாங்கினாவோ, பேரரசனின் தாய் லிவியா வேண்டியதால் தண்டனைக்குத் தப்பினாள். இக்காரணத்தைப் பட்டயம் மறையாது கூறுகின்றது. தந்தை பெயர் தாங்கிய மூத்த மகன் நேயசு தன் முற்பெயரை லூசியசு என மாற்றிக்கொண்டு, கி.பி. 27-இல் கான்சல் ஆனான்.

பீசோ தன் கையில் ஓர் ஏட்டை அடிக்கடி வைத்திருந்தான் என்றும், அதனுள் திபேரியசின் கட்டளைகள் இருந்தன என்றும் முதியோர் கூறத் தாம் கேட்டதாகத் தாசித்தசு எழுதுகின்றார். அவ்வேட்டைப் பற்றிப் பட்டயத்தில் ஒரு சொல்லும் இல்லை.