ஜெர்ரி போன பிறகு

1995 ஆகஸ்ட் 9 அதிகாலை. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் இருக்கும் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஜெர்ரி கார்சியா மாரடைப்பால் இறந்துபோனார். 53 வயது நிறைந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர், பாடகர். ரசிகர்கள் கணக்கில் அந்தக் குழுவின் உயிரே அவர்தான். செய்தி பரவியதும் சான் பிரான்சிஸ்கோவில் அந்தக் குழு முன்பு குடியிருந்த ஹைட்-ஆஷ்பரி பகுதிக்கு ஆட்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக வரத் தொடங்கினார்கள். நகர மேயர் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கச் சொன்னார். நகர மன்றத்தில் இன்னொரு கொடியும் ஏறியது: முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த, டெட் ரசிகர்களின் டி-ஷர்ட் மாதிரியான பலவண்ணக் கொடி.

பாடகர் செத்தால் ரசிகர்கள் அழுவது நமக்குப் புதிதில்லை. இந்தச் சாவு எனக்குப் பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அழுதவர்களின் வீட்டு அலமாரியில் அவர் வாசித்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்தது. ஆல்பங்களாக இல்லை, அவர்களே பதிவு செய்த கேசட்டுகளாக, ஆயிரக்கணக்கான மணி நேரம். அப்படியென்றால் அன்றைக்கு அவர்கள் இழந்தது எதை? கையில் மிஞ்சிய அந்த கேசட்டுகள் யாருடையவை? அடுத்த பத்து வருடச் சண்டை முழுக்க இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

இந்தக் குழுவை ஆல்பம் வழியாகத் தெரிந்துகொள்வது கஷ்டம். 1965-இல் தொடங்கி முப்பது வருடத்தில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர்களுக்கு, அமெரிக்க தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு ஒன்றே ஒன்று. அதுவும் 1987-இல், தொடங்கி 22 வருடம் கழித்து. அவர்களுடைய வேலை மேடையில்தான் இருந்தது. நேற்று வாசித்த வரிசையை இன்று வாசிக்க மாட்டார்கள். ஒரே பாட்டு ஒருநாள் ஆறு நிமிடத்தில் முடியும், இன்னொரு நாள் அரை மணி நேரம் எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பும். சில ராத்திரி சொதப்பலாகவும் இருக்கும். ராகம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற கச்சேரி ரசிகருக்கு இந்தப் பித்து உடனே புரியும் என்று நினைக்கிறேன். ஒருநாள் பார்த்தவர் மறுநாளும் பார்க்க அடுத்த ஊருக்குப் போவார். போனவர்கள் மாதக்கணக்கில் பின்னாலேயே திரிந்தார்கள். அவர்களுக்கு டெட்ஹெட் என்று பெயர். வண்டி நிறுத்துமிடத்தில் டி-ஷர்ட்டும் பரிட்டோவும் விற்று அடுத்த டிக்கெட்டுக்குக் காசு தேற்றிக்கொள்கிற ஒரு நடமாடும் கிராமம் அது.

அந்தக் கிராமத்தின் சொத்துதான் கேசட். ரசிகர்கள் மைக்கைக் கம்பத்தில் கட்டித் தூக்கிப் பிடித்துக் கச்சேரிகளைப் பதிவு செய்தார்கள். மற்ற குழுக்கள் இதை ஆள் வைத்துப் பிடித்து ரெக்கார்டரைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். டெட் 1984-இல் அரங்கத்துக்குள்ளேயே பதிவு செய்பவர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றது. நாங்கள் வாசித்து முடித்த பிறகு அது அவர்களுடையது என்ற அர்த்தத்தில் கார்சியா சொன்னதைத்தான் ரசிகர்கள் சாசனம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கேசட்டை விற்கக் கூடாது, பரிமாற்றம் மட்டும்தான். புதிதாக வருகிறவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. வெற்று கேசட்டும் திரும்பி வரத் தபால்தலையும் அனுப்பினால் போதும், முன்பின் தெரியாத ஒருவர் ராத்திரி உட்கார்ந்து நகல் எடுத்து அனுப்பிவைப்பார்.

நான் இந்தக் குழுவுக்குள் வந்ததே அந்த நகல்களின் வால் பிடித்துத்தான். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒவ்வொரு பதிவோடும் ஒரு சின்ன உரைக்கோப்பு இருக்கும். எந்த மைக், அரங்கத்தில் எங்கே நின்று எடுத்தது, இது எத்தனையாவது நகல், எந்தப் பாட்டில் டேப் திருப்பும்போது சில நொடி விட்டுப்போனது, அந்த இடத்தை வேறு யாருடைய பதிவை வைத்து ஒட்டினார்கள் என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். பெயருக்குக்கூட மேலாளர் கிடையாது. ஆபீஸில் சம்பளம் கொடுத்து எழுதச் சொல்கிற கமிட் குறிப்புகளில் பாதிகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

கார்சியாவுக்கு முன்னாலும் இந்தக் குழுவில் சாவு உண்டு. தொடங்கியவர்களில் ஒருவரான ரான் மெக்கெர்னன், பிக்பென் என்று அழைக்கப்பட்டவர், 1973-இல் 27 வயதில் இறந்தார். பாலோ ஆல்ட்டோவில் அவர் கல்லறையில், என்றைக்கும் டெட்டில் ஒருவர் என்ற பொருளில் செதுக்கியிருக்கிறார்கள். (அதே மயானத்தில்தான் ஸ்டீவ் ஜாப்ஸும் இருக்கிறார், பெயர் போடாத இடத்தில்.) 1990 ஜூலையில், பதினோரு வருடம் கீபோர்டு வாசித்த பிரென்ட் மிட்லண்ட் போதையில் இறந்தார், 37 வயது. செப்டம்பரில் குழு வேறு ஆளோடு மேடை ஏறிவிட்டது. ரசிகர்கள் அழுதார்கள், அடுத்த கச்சேரிக்கும் வந்தார்கள். பிக்பென்னோடு எல்லாம் முடிந்தது என்ற கட்சி, மிட்லண்ட் காலம்தான் உச்சம் என்ற கட்சி என்று இன்றுவரை பிரிந்து நிற்கிறார்கள். இழப்பை இந்தக் கூட்டம் காலகட்டமாக மாற்றிக்கொள்ளும். ஒரு ஆள் போனால் கேசட் பட்டியலில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். 1986-இல் கார்சியாவே சர்க்கரை நோய் முற்றி சில நாள் கோமாவில் கிடந்து, எழுந்ததும் கிதாரைப் புதிதாகக் கற்றுக்கொண்டது மாதிரி பயின்று திரும்பி வந்தார். அதனால் அவர் திரும்பி வந்துவிடுவார் என்று எல்லோருமே நம்பப் பழகியிருந்தார்கள்.

1995 கோடை அந்த நம்பிக்கைமேல் கல்லெறிந்தது. வாஷிங்டனில் மின்னல் தாக்கி ரசிகர்கள் காயப்பட்டார்கள். செயின்ட் லூயிஸ் அருகே ஒரு முகாம் மைதானத்தில் மேல்தளம் சரிந்து நூறு பேருக்கு மேல் அடிபட்டது. இவை விபத்துகள். ஜூலை 2-ஆம் தேதி இண்டியானாவின் டீர் கிரீக் அரங்கில் நடந்தது விபத்தில்லை. கார்சியாவுக்குக் கொலை மிரட்டல் வந்திருந்ததால் அரங்க விளக்குகளை அணைக்காமலே வாசித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானோர் பின்வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் அதற்குக் கைதட்டினார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு அது நேராகத் தெரிந்தது. மறுநாள் கச்சேரி ரத்து. குழு ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது: இப்படியே போனால் ஊர் ஊராகப் போவதையே நிறுத்த வேண்டிவரும் என்று. ஒரு வாரத்தில், ஜூலை 9-ஆம் தேதி, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் கடைசிக் கச்சேரி. கடைசி என்று யாருக்கும் தெரியாது. சரியாக ஒரு மாதத்தில் செய்தி வந்துவிட்டது.

டெட்ஹெட்களின் துக்கத்தில் ஒரு கசப்பு கலந்திருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கார்சியா நெடுநாள் ஹெராயின் பழக்கத்தோடு போராடியவர். இதயம், சர்க்கரை என்று உடம்பு முழுக்கப் பழுது. ஆனாலும் சக்கரம் நிற்கவில்லை. அலுவலக ஊழியர்கள், மேடைத் தொழிலாளர்கள், வண்டி நிறுத்துமிடத்துக் கிராமம் என எத்தனையோ பேருடைய சோறு அந்த ஒரு ஆள் மேடை ஏறுவதில் இருந்தது. அவர் ஓய்வெடுத்திருக்கலாம் என்று சொல்கிற ரசிகர், அந்தக் கடைசிக் கோடைக்கும் டிக்கெட் வாங்கியவர்தான்.

ஆகஸ்ட் 13 அன்று கோல்டன் கேட் பூங்காவின் போலோ மைதானத்தில் பொது அஞ்சலி. 20,000 பேர் அளவுக்குக் கூடினார்கள். முரசு கொட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தது. குடும்பத்தாரும் குழுவினரும் பேசினார்கள். அதில் கார்சியாவின் மகள் அன்னபெல் பேச்சுதான் எனக்குப் பிடித்தது. ரசிகர்களுக்கு நன்றி சொன்னார், உங்கள் காசில்தான் நாங்கள் கல்லூரிக்குப் போனோம் என்கிற மாதிரி. அவ்வளவு அழுகைக்கு நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கலை இவ்வளவு பளிச்சென்று யார் சொல்லுவார்? பேச்செல்லாம் முடிந்த பிறகு ஒலிபெருக்கியில் டெட்டின் பழைய கச்சேரிப் பதிவுகளைப் போட்டார்கள். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடியது. மேடையில் யாரும் இல்லாத கிரேட்ஃபுல் டெட் கச்சேரி.

அடுத்து அஸ்தி. 1996 ஏப்ரல் 4, சந்திர கிரகண நாள், கார்சியாவின் மனைவி டெபொரா கூன்ஸும் குழுவின் இன்னொரு கிதார் கலைஞர் பாப் வியரும் சாம்பலில் ஒரு பகுதியை ரிஷிகேஷில் கங்கையில் கரைத்தார்கள். வியருக்கு வந்த ஒரு கனவுதான் காரணமாம். நமக்கு இது ஆயிரம் குடும்பங்கள் செய்கிற காரியம். ஆனால் கார்சியாவுக்கும் இந்தியாவுக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் கிடையாது. எங்களைக் கேட்காமல் எங்கேயோ கொண்டுபோய்க் கரைத்துவிட்டார்களே என்று ரசிகர்கள் பலருக்குக் கோபம். மிச்சச் சாம்பலை சில நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தூவினார்கள். அன்று முன்னாள் மனைவி கேரோலினைப் படகில் ஏற விடவில்லை. பங்காளிச் சண்டைக்கு எந்த ஊரும் விலக்கில்லை.

சாம்பலுக்குப் பிறகு கிதார். உல்ஃப், டைகர் என்று பெயர் வைத்த கிதார்களைச் செய்து கொடுத்தவர் டக் இர்வின் என்ற கைவினைஞர். அவர் செய்த கிதார்கள் அவருக்கே திரும்பப் போகவேண்டும் என்று கார்சியா உயிலில் எழுதியிருந்தார். அவை குழுவின் சொத்து, தருவதற்கில்லை என்றார்கள் மற்றவர்கள். வழக்கு 2001-இல் சமரசத்தில் முடிந்து, அந்த இரண்டும் இர்வினுக்குக் கிடைத்தன. கையில் காசில்லாத மனிதர். மறுவருடமே ஏலத்துக்கு விட்டார். டைகர் 9,57,500 டாலருக்கும் உல்ஃப் 7,89,500 டாலருக்கும் போயின.

கேசட்டுகளை மட்டும் யாரும் தொடவில்லை, 2005 வரைக்கும். கேசட் எம்பி3 ஆகி, எஃப்எல்ஏசி ஆகி, மூவாயிரம் கச்சேரிப் பதிவுகள் அளவுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் குவிந்திருந்தன. அந்த நவம்பரில், குழுவின் நிறுவனம் கேட்டுக்கொண்டதால், ஒரே நாளில் தரவிறக்க வசதி போனது. சில நாட்களில் ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள்; குழுவின் பொருட்கள் எதையும் இனி வாங்க மாட்டோம் என்றார்கள். பேஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷே, இந்த முடிவு தனக்குத் தெரியாமல் நடந்தது என்று பகிரங்கமாக விலகிக்கொண்டார்.

சட்டப்படி குழுவின் பக்கம் நியாயம் இருந்தது. ரசிகர்களின் ஆவேசத்தில் இலவசப் பழக்கமும் கொஞ்சம் இருந்தது, மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கு எப்படித் தலைகீழானது என்பது. கார்சியா இருந்தவரை கச்சேரிதான் சரக்கு, கேசட் அதற்கு இலவச விளம்பரம். கேட்டவன் டிக்கெட் வாங்கினான். அவர் செத்ததும், 1995 டிசம்பரில் அந்தப் பெயரையே ஓய்வுக்கு அனுப்பியதும், விற்கப் புதிய கச்சேரி கிடையாது. பெட்டகத்தில் இருக்கும் பழைய பதிவு மட்டும்தான் சரக்கு. தாராளமாகக் கொடுத்த அதே பொருளுக்கு ஒரு மரணத்தால் விலை வந்துவிட்டது. ரசிகர்களோ அதைத் தங்கள் உழைப்பில் சேர்த்த சொத்தாகத்தான் பார்த்தார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி, கேசட் கைமாறிக் கைமாறியே புகழடைந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியப் பதிவுகளில் சேர்த்த பிறகு, 2017-இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. நாற்பது வருடம் அதைக் காப்பாற்றியது ரசிகர்கள்.

2005 சண்டை ஒரு வாரத்துக்குள் சமரசமானது. ரசிகர்கள் மைக் பிடித்து எடுத்ததைத் தரவிறக்கலாம். குழுவின் ஒலிப்பலகையிலிருந்து நேராக எடுத்ததை அங்கேயே கேட்க மட்டும் செய்யலாம். கூட்டத்தின் இருமல் கேட்கிற பதிவு உங்களுக்கு, சுத்தமான பதிவு எங்களுக்கு. பாகப்பிரிவினை பத்திரம் மாதிரி அந்தக் கோடு இன்னும் நிற்கிறது.

1997-இல் சிகாகோவில் டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒரு குழு தொடங்கியது. டெட்டின் ஏதாவது ஒரு பழைய கச்சேரியை எடுத்துக்கொண்டு, அதே பாட்டு வரிசை, அந்தக் காலகட்டத்துக்கு உரிய அதே வாத்திய அமைப்பு என்று முழுசாக வாசிப்பார்கள். கேசட்டைத் திருப்பி மனிதர்களாக மாற்றுகிற வேலை. அதில் கார்சியா இடத்தில் நின்றவர் ஜான் காட்லசிக். 2009-இல் வியரும் லெஷும் ஃபர்தர் என்ற புதுக் குழு தொடங்கியபோது, கார்சியாவின் இடத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். வேடம் கட்டியவரை அழைத்து அரியணையில் உட்கார வைத்ததற்கு ரசிகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ராவில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார், கச்சேரிகள் தொடர்ந்தன. பழைய கச்சேரி ஒன்றை எடுத்து வாசிக்கிற நாளில், அது எது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் பாட்டு வரிசையை வைத்து ஊகித்துக்கொண்டே இருக்கும்: 73-ஆ, 77-ஆ, இந்தப் பாட்டு வந்துவிட்டதே, அப்படியென்றால் மிட்லண்ட் காலம். கடைசிப் பாட்டு முடிந்ததும் மைக்கில் தேதியையும் ஊரையும் அறிவிப்பார்கள். சரியாகச் சொன்னவர்கள் கத்துவார்கள்.