ஆள் தெரியாத ஒலி: நாஞ்சில் நாட்டில் இரவுச் சீழ்க்கைக்கான தடை

"ராத்திரி விசிலடிக்காதலே, பாம்பு வந்திரும்" என்ற அதட்டலைக் கேட்காமல் நாஞ்சில் நாட்டின் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டாரங்களில் வளர்ந்தவர்கள் குறைவு. இதை விளக்கப் புகுந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். பாம்புக்குக் காது கிடையாது, ஆகவே இது மூடநம்பிக்கை என்பது ஒரு வழி. முன்னோர் காரணமில்லாமல் சொல்லியிருக்க மாட்டார்கள், சீழ்க்கையின் அதிர்வு பாம்பை இழுக்கும் என்பது இன்னொன்று. வாட்ஸ்அப்பில் அன்றாடம் உலவுவது இந்த இரண்டாவதுதான். இரு தரப்புமே அதட்டலில் வரும் பாம்பை விலங்கியல் கூற்றாக எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தடை குறிவைப்பது எழுப்பியவர் இன்னாரென்று தெரியாத ஒலியை, பாம்பு அதற்குக் கிடைத்த காவலாள் மட்டுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் விலங்கியலைத் தீர்த்துவிடலாம். பாம்புக்கு வெளிச்செவியும் செவிப்பறையும் இல்லை, உட்செவி உண்டு. தரையின் அதிர்வைத் தாடையெலும்பு வழியாக அது வாங்கிக்கொள்கிறது. காற்றில் வரும் ஒலி மண்டையோட்டை அதிரச் செய்தால் அதையும் உணர்கிறது என்பதை 2012இல் வெளிவந்த மலைப்பாம்பு ஆய்வு ஒன்று காட்டியது. அதன் உணர்வு கூர்மையாக இருந்தது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை. 2023இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 450 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட ஒலிகளை ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கு எழுப்பிக் காட்டினார்கள். வோமா மலைப்பாம்புகள் ஒலியை நோக்கி நகர்ந்தன. நஞ்சுள்ள தைப்பான்கள் விலகின. ஆகவே பாம்பு முழுச்செவிடு என்ற பகுத்தறிவு மேடைப் பேச்சும் திருத்தத்துக்குரியது. ஆனால் மனிதர் உதட்டால் எழுப்பும் சீழ்க்கை பெரும்பாலும் 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை நிற்பது, பாம்பின் செவிக்கு எட்டாத உயரம். மகுடிக்கு ஆடும் நாகமும் இசையைத் தொடர்வதில்லை. மகுடியின் அசைவையே தொடர்கிறது.

பாம்பின் செவியை விட்டு மனிதச் செவிக்கு வந்தால் விஷயம் வேறாகிறது. சீழ்க்கையில் குரல்நாண்களுக்கு வேலையில்லை. குவித்த உதடுகளுக்கிடையே பீறிடும் காற்று சுழல, வாயறை ஒத்ததிர்கிறது. நாக்கை முன்னும் பின்னும் தள்ளி அந்த அறையைச் சுருக்கியும் விரித்தும் சுருதியை மாற்றுகிறோம். இதில் இரண்டு விளைவுகள். சிதறாமல் ஒரே சுருதியில் குவிந்த இந்த ஒலி, நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லையிலோ அதன் அருகிலோ விழுவதால், கூப்பிடும் குரலை விடத் தூரம் போகிறது. இரண்டாவது விளைவே நம் வாதத்துக்கு முக்கியம். குரல் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அண்ணனா, அடுத்த வீட்டுக்காரரா, ஆணா, பெண்ணா என்பது ஒரே சொல்லில் தெரிந்துவிடும். சீழ்க்கை அப்படி எதையும் சொல்வதில்லை.

இரவு இந்தக் குணத்தைப் பெருக்குகிறது. தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று நிற்கும்போது ஒலி மேலெழுந்து கரைந்துபோகாமல் தரைப்பக்கமாக வளைகிறது. பத்துக்கு நடமாட்டம் அடங்கிவிட்ட வயற்காட்டு ஊரில், எங்கிருந்து என்று பிடிபடாத ஒரு சீழ்க்கை வந்தால் கேட்பவருக்கு இரண்டே ஊகங்கள்: களவு, அல்லது கள்ளக்காதல். ஜப்பானிலும் இரவுச் சீழ்க்கைக்குப் பாம்பு வரும் என்றே சொல்கிறார்கள். திருடரும் ஆள்பிடிப்போரும் அப்படித்தான் குறிப்புக் கொடுத்தார்கள் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

தண்டனை தர ஏன் பாம்பு வந்தது என்பதற்கு நாஞ்சில் நாட்டின் மண்ணே பதில் சொல்லும். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைந்த பூமி இது. நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. இரவில் தண்ணீர் திருப்பப் போகிறவனுக்கு விரியன் நேரடி ஆபத்து. அதே பாம்பு இங்கே தெய்வமுமாகும். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஓலை வேய்ந்த கருவறையின் ஈரமண்ணே பிரசாதம். எனவே பாம்பு வரும் என்பதில் கடி பற்றிய பயத்தோடு, வேளைகெட்ட வேளையில் தெய்வத்தைக் கூப்பிட்டுவிட்ட குற்றமும் கலந்திருக்கிறது. இருட்டிய பிறகு பாம்பு என்ற பேரையே எடுக்காமல் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் இதற்குச் சாட்சி. பேர் சொல்வதும் சீழ்க்கையடிப்பதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்: இரண்டும் அழைப்பு.

சீழ்க்கைத் தடையை இன்னொரு இரவு விதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று முறை கூப்பிடும் வரை பதில் தரக் கூடாது என்பார்கள். பேய் மூன்றாம் முறை கூப்பிடாதாம். வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சி, முப்பந்தல் இசக்கியோடு இணைத்துச் சொல்லப்படும் நீலி, வேட்டைக்குக் கிளம்பும் சுடலைமாடன் என இந்நாட்டுக் கதைகளின் இரவு நிறைய, ஆள் உறுதிப்படாத அழைப்புகள். சீழ்க்கைத் தடை அனுப்புபவருக்கான சட்டம் என்றால், மூன்று முறை விதி கேட்பவருக்கான சட்டம். தனித்தனியே பார்த்தால் பேதைமையாகத் தெரியும் இவை, பக்கத்தில் வைத்தால் ஒரே ஒழுங்கின் இரு பாதிகள்.

வாதத்தைச் சோதிக்க விலக்குகளைப் பார்க்க வேண்டும். அகநானூற்று 274ஆம் பாட்டில் மழை இரவில் தனித்து நிற்கும் இடையன் ஒருவன் வருகிறான். அவன் விடும் வீளை, அதாவது சீழ்க்கை, கேட்டு, ஆட்டுக்குட்டிக்காகக் காத்திருந்த குறுநரி முட்புதருக்குள் ஓடி ஒளிகிறது. அங்கே இரவுச் சீழ்க்கை ஆபத்தை அழைக்கவில்லை, விரட்டுகிறது. அடிப்பவன் யாரென்பதும் எதற்கென்பதும் ஐயமில்லாதவை. நம் தெருக்களில் கூர்க்காக் காவலர் தடியைத் தட்டி நள்ளிரவில் ஊதும் விசிலுக்கு எந்தப் பாட்டியும் பாம்பைச் சொல்வதில்லை. மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும் ஆள் அவர். கடைசிப் பேருந்தின் நடத்துநர் நிற்க ஒரு விசிலும் கிளம்ப இரண்டும் ஊதும்போதும் பாம்பு நினைவுக்கு வருவதில்லை.

மேகாலயாவின் கோங்தோங் கிராமம் இன்னும் தெளிவான விலக்கு. அங்கே தாய் தன் குழந்தைக்கென்று ஒரு மெட்டையே பெயராகச் சூட்டுகிறாள். காட்டுக்குள் அதைக் கொண்டு அழைக்கிறார்கள். ஒலிக்கு உரியவர் தெரிந்தால் அது பெயராகிவிடுகிறது. கானரித் தீவான லா கொமேராவில் பேச்சையே சீழ்க்கையாக்கிப் பள்ளத்தாக்குகளுக்கு மேலே அனுப்புகிறார்கள். அதை 2009இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த வாதம் முழுதாக நிற்காத இடம் ஒன்று உண்டு. பொம்பளைப் பிள்ளை பகலில் விசிலடித்தாலும் வீட்டில் அதட்டல் விழுகிறது. அப்போது ஆள் தெரிகிறது, இருட்டும் இல்லை. பாம்பையும் யாரும் இழுப்பதில்லை, 'வீட்டுக்கு ஆகாது' என்பதோடு சரி. ஆக, ஒலியின் உரிமையாளர் தெரிந்தால் மட்டும் போதாது, அவருக்கு அனுமதியும் வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவு பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு எழுப்பும் ஒலியையும் குற்றமாக்கியது. ஆணின் சீழ்க்கையைத் தடுக்கச் சட்டப்புத்தகம் தேவைப்பட்டது, பெண்ணின் சீழ்க்கைக்கு அம்மாவின் முறைப்பே போதுமாயிருந்தது. அதே பெண்கள் இசக்கி கோயில் கொடை விழாவில் நடுச்சாமப் பூசைக்குக் குரவையிடுகிறார்கள். நாக்கை அசைத்து உச்சத்தில் எழும் அந்த ஒலி எந்தச் சீழ்க்கைக்கும் குறையாமல் ஊரைத் தாண்டிக் கேட்கும். அப்போது வேளை நள்ளிரவு, சுற்றிலும் வயல். குரவையிடாமல் வாயை மூடி நிற்கும் பெண்ணைத்தான் அங்கே பெரியவர்கள் அதட்டுவார்கள்.