புதுப்பிப்புக்குப் பின் ஊமையாகும் கார்: பழுது எங்கே, பட்டறைக்கு எப்போது?

கார் வானொலியில் சத்தம் நின்றுபோனால் முன்பெல்லாம் சந்தேகம் மூன்று இடங்களுக்குள் அடங்கிவிடும்: ஃபியூஸ், வயர், ஒலிபெருக்கி. பட்டறைக்காரர் டேஷ்போர்டைக் கழற்றி வயரை ஆட்டிப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிடும். இப்போது நிலைமை வேறு. நேற்றுவரை நன்றாகப் பாடிய கார், மென்பொருள் புதுப்பிப்பு முடிந்த மறுநாள் வாய் திறப்பதில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, ஒலிபெருக்கியிலும் குறையில்லை. இது தெரியாமல் புதிய ஒலிபெருக்கியும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி மாட்டிவிட்டு, அதன் பிறகும் சத்தம் வராமல் விழிப்பவர்கள் உண்டு.

'புதுப்பிப்பு' என்ற ஒரே சொல் இங்கே மூன்று வெவ்வேறு வேலைகளைக் குறிக்கிறது. கார் நிறுவனம் இணையம் வழியாகவோ சேவை மையத்தின் மூலமோ காரின் மென்பொருளை மாற்றுவது ஒன்று. காருடன் இணைக்கப்படும் கைப்பேசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது இன்னொன்று. பழைய மைவியிலும் சாகாவிலும் கடையில் மாட்டிய ஆண்ட்ராய்டு பிளேயரைப் புதுப்பிப்பது மூன்றாவது. இந்த மூன்றில் எது நடந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசி இரவில் சார்ஜ் ஏறும்போதே புதுப்பித்துக்கொள்வதால், 'நான் எதையுமே தொடவில்லையே' என்று பலர் சொல்வதில் பொய்யில்லை.

எஃப்.எம். ஒலித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது

பட்டறைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். கைப்பேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டு எஃப்.எம். வானொலியைப் போட்டுப் பாருங்கள். மின்னலோ ராகாவோ தெளிவாகக் கேட்டால் ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபையர், வயர் அனைத்தும் நலம். குறை கைப்பேசிக்கும் காருக்கும் இடையில்தான் இருக்கிறது. அப்போது யாராவது டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எஃப்.எம்.மும் ஊமை என்றால்தான் காரின் பக்கம் பார்க்க வேண்டும்.

கைப்பேசியே காரணமாக இருந்ததற்கு நல்ல உதாரணம் 2022இல் உண்டு. ஐபோன் 14 வெளிவந்த புதிதில், கார்பிளே வழியாகப் பேசியவர்களின் குரல் மறுமுனையில் மிகச் சன்னமாகக் கேட்டது. காரின் ஒலிவாங்கி கெட்டுவிட்டது என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால், அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 16.0.3 புதுப்பிப்பின் குறிப்பிலேயே அது கைப்பேசியின் குறை என்று பதிவானது. புதிய ஒலிவாங்கி வாங்காமல் காத்திருந்தவர்களுக்குச் செலவில்லாமல் சரியானது.

பாட்டு வருகிறது, ஆனால் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் தகரச் சத்தமாக இருக்கிறது என்பது அடிக்கடி வரும் இன்னொரு புகார். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு தடம், பேச்சுக்கு ஒரு தடம் எனத் தனித்தனியாக உண்டு. பாட்டுத் தடம் ஸ்டீரியோ. பேச்சுத் தடமோ குரல் புரிந்தால் போதும் என்று அகலம் குறைத்து அமைக்கப்பட்டது. கைப்பேசியில் ஏதாவது ஒரு செயலி ஒலிவாங்கியைத் திறந்து வைத்திருந்தால், கார் அதை அழைப்பு என்று எண்ணிப் பேச்சுத் தடத்துக்கு மாறிவிடும். புதுப்பிப்புக்குப் பின் செயலிகளின் அனுமதிகள் மாறியிருக்கலாம். குரல் உதவியாளர், குரல் பதிவு, அழைப்புச் செயலிகள் ஆகியவற்றுக்கு ஒலிவாங்கி அனுமதி எப்படி இருக்கிறது என்று அமைப்புகளில் பார்த்து, தேவையில்லாததை நிறுத்தினால் பாட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சத்தம் மிகக் குறைவாக வருவது, அல்லது ஒரு படி கூட்டினாலே காது கிழிவது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் காணும் வழக்கம். ஆண்ட்ராய்டு 6ஆம் பதிப்பு முதல், கைப்பேசியின் ஒலியளவும் எதிரில் உள்ள கருவியின் ஒலியளவும் ஒன்றாக இணைந்து இயங்க வழி செய்யப்பட்டது. சில கார்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவருவதில்லை. கைப்பேசியில் மேம்பாட்டாளர்களுக்கான அமைப்புகளில் இந்த இணைப்பைத் துண்டிக்கும் தேர்வு உள்ளது. துண்டித்த பின் கைப்பேசியில் முக்கால் அளவு வைத்துவிட்டு, மீதியைக் காரின் பொத்தானில் சரிசெய்துகொள்ளலாம்.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் கைப்பேசியில் காரின் பெயரையும், காரில் கைப்பேசியின் பெயரையும் நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் நீக்குவதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால், மறுபக்கம் பழைய பதிப்போடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். கம்பி வழி இணைப்பவர்கள் கேபிளையும் மாற்றிப் பார்க்கலாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் பாட்டு வராது.

பாட்டு ஒலிக்கிறது, வழிகாட்டியின் குரல் மட்டும் காணோம் என்றால் அது பழுதே அல்ல. பாட்டு, வழிகாட்டல், அழைப்பு, எச்சரிக்கை ஆகிய நான்குக்கும் தனித்தனி ஒலியளவு உண்டு. புதுப்பிப்பின்போது ஏதாவது ஒன்று சுழியத்துக்குப் போயிருக்கும். வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் ஒலியளவைக் கூட்டினால்தான் அந்தக் குரலின் அளவு கூடும். காரை ஓரமாக நிறுத்திவிட்டு இதைச் செய்யவும்.

ஆண்ட்ராய்டு பிளேயரும் காணாமல் போன 96.8உம்

நம்மவர்கள் பட்டறையில் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான். கடைகளில் மாட்டித்தரும் ஆண்ட்ராய்டு பிளேயருக்குள் இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன. திரையில் தெரியும் ஆண்ட்ராய்டு ஒன்று. வானொலி, ஒலியளவு, ஸ்டீரிங் பொத்தான் ஆகியவற்றைக் கவனிக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லுக்கான மென்பொருள் மற்றொன்று. காரின் மின்னணு அமைப்போடு பேசுவதற்கு நடுவில் ஒரு சிறு பெட்டியும் இருக்கும். புதுப்பித்த பிறகு 'இது எந்தக் கார்' என்ற அமைப்பு அழிந்துபோனால், ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் கட்டளை போகாது. ஸ்டீரிங் பொத்தான்களும் வேலை செய்யாது. திரை பளிச்சென்று இருக்க, சத்தம் மட்டும் இருக்காது. சரியான கார் வகையைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்க ஒரு கடவு எண் தேவை. பிளேயரை மாட்டிய கடைக்காரருக்கு அது தெரியும்.

ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கையான கோளாறு நேரலாம். மற்ற நிலையங்கள் சில கேட்கும், ஒலி 96.8 மட்டும் கிடைக்காது. காரணம் வானொலியின் வட்டார அமைப்பு. புதுப்பிப்பில் அது அமெரிக்கா என்று மாறிவிட்டால், அலைவரிசை 87.9, 88.1, 88.3 எனப் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணாகவே தாவும். 96.7 வரும், 96.9 வரும், நடுவில் உள்ள 96.8க்கு இடமே கிடையாது. அதே வானொலியில் 89.7இல் ரியா தெளிவாகக் கேட்கும் என்பதால் ஏரியல் பழுது என்ற சந்தேகத்துக்கும் வழியில்லை. அமைப்பு ஜப்பான் என்று மாறினால் நிலைமை இன்னும் மோசம். அங்கே எஃப்.எம். வரிசை 76இல் தொடங்கி 95இல் முடிகிறது. பழைய கருவிகளில் 90தான் எல்லை. ஜப்பானிலிருந்து வரும் மறுசீரமைப்புக் கார்களில் அலைவரிசை மாற்றி பொருத்துவது இதற்காகத்தான். வட்டாரத்தை ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றினால் 96.8 திரும்பிவரும்.

நகரத்தை விட்டுத் தள்ளியுள்ள தோட்டங்களில் கவனிக்க வேண்டியது வேறு. பல வானொலிகளில் அருகில் உள்ள வலுவான நிலையங்களை மட்டும் பிடிக்கும் தேர்வு ஒன்று உண்டு. புதுப்பிப்புக்குப் பின் அது இயங்கத் தொடங்கியிருந்தால், தானாகத் தேடும்போது தொலைவில் உள்ள நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். ஏரியலை மாற்றும் முன் அதை அணைத்துப் பார்க்கலாம்.

யுஎஸ்பியில் உள்ள பாட்டுகளின் தமிழ்ப் பெயர்கள் சதுரக் கட்டங்களாக மாறுவதும் புதுப்பிப்பின் வேலைதான். புதிய பதிப்பில் தமிழ் எழுத்துரு சேர்க்கப்படவில்லை என்று பொருள். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தமிழ் எழுத்தை ஒரு கூடுதல் வசதியாகவே கருதும் போக்கு இந்தக் கருவிகளில் இன்னும் மாறவில்லை என்பது வேறு கதை.

எஃப்.எம்.மும் ஊமை என்றால்

கார் நிறுவனத்தின் புதுப்பிப்புக்குப் பின் எல்லாச் சத்தமும் நின்றுபோனால், முதல் வேலை மறுதொடக்கம். பல கார்களில் வானொலியின் பொத்தானைப் பத்து விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் திரை அணைந்து மீண்டும் எழும். உங்கள் காருக்கு எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். அதிலும் சரியாகவில்லை என்றால், காரைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தூரமாக எடுத்துச் சென்று அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பார்க்கலாம். கார் முழுமையாக உறங்கி எழுந்தால் சில கோளாறுகள் தாமாக மறையும்.

ஐரோப்பிய கார்கள் பலவற்றில் வானொலி, ஆம்ப்ளிஃபையர், திரை ஆகியவை ஒளியிழையால் ஒரே வளையமாக இணைக்கப்பட்டிருந்தன. பழைய தீபாவளி விளக்குச் சரத்தில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைவதுபோல், வளையத்தில் ஒரு கருவியின் புதுப்பிப்பு பாதியில் நின்றாலும் எல்லாமே மௌனமாகிவிடும். எந்தக் கருவி எழவில்லை என்பதைக் கண்டறியும் கணினி இல்லாத பட்டறையில் இதைக் கொடுத்துப் பயனில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2016 ஜூனில் அமெரிக்காவில் லெக்சஸ் கார்களுக்குப் போக்குவரத்து, வானிலைத் தகவல் அனுப்பப்பட்டது. அதில் இருந்த பிழையால் காரின் திரை அணைந்து எழுந்து, மறுபடியும் அணைந்து எழுந்துகொண்டே இருந்தது, வானொலி இயங்கவில்லை. அந்தத் தகவலை அழித்து மறுதொடக்கம் செய்ததும் சரியானது. எந்தப் பாகத்தையும் மாற்றத் தேவைப்படவில்லை. 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட மென்பொருளை அனுப்பிவிட்டது. கார்கள் ஓடின, திரையும் பாட்டும் நின்றன. 2022 தொடக்கத்தில் சியாட்டிலில் நடந்தது இன்னும் விநோதம். ஒரு வானொலி நிலையம் ஒலியோடு அனுப்பிய படக் கோப்பில் பெயரின் கடைசி ஒட்டு விடுபட்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள முடியாமல் 2014 முதல் 2017 வரையிலான மஸ்டா கார்கள் சிலவற்றின் வானொலி அந்த நிலையத்திலேயே சிக்கிக்கொண்டது. அங்கே மறுதொடக்கம் பலிக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று.

பாட்டு மட்டும் போனால் பரவாயில்லை

பாட்டு இல்லாமல் வண்டி ஓட்டலாம். ஆனால் புதிய கார்களில் பாதுகாப்புவார் எச்சரிக்கை, பின்னால் எடுக்கும்போது வரும் 'பீப்', சில கார்களில் சிக்னல் விளக்கின் 'டிக் டிக்' வரை ஒலிபெருக்கி வழியாகவே வருகின்றன. அந்த ஒலியும் மென்பொருளின் கையில்தான் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் 817,143 கார்களைத் திருத்த வேண்டிவந்தது இதனால்தான். மென்பொருள் பிழையால் பாதுகாப்புவார் எச்சரிக்கை ஒலி சில வேளைகளில் எழாமல் போனது. ஆகவே புதுப்பித்த உடனே, வீட்டு வாசலிலேயே இந்த ஒலிகளைச் சோதித்துவிடுவது நல்லது. பின்னால் குழந்தை நிற்பதை 'பீப்' சொல்லிவிடும் என்று பழகிவிட்டவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. அந்த ஒலி வரவில்லை என்றால் அதே நாளில் சேவை மையத்தை அழைக்க வேண்டும். அதுவரை திரும்பிப் பார்த்தே வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும்.

புதுப்பிப்பு பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் பலவீனமான பேட்டரி. காலையில் இயந்திரம் தயங்கித் தயங்கி எழும் காரில் புதுப்பிப்பைத் தொடங்கவே கூடாது. இயந்திரத்தை ஓடவிட்டுச் செய்வதானால் திறந்த வெளியில் செய்யவும்; மூடிய கொட்டகையில் புகை உயிரைப் பறிக்கும்.

செலவு யாருடையது?

உத்தரவாதக் காலத்தில் உள்ள காரில், நிறுவனமே அனுப்பிய புதுப்பிப்பால் வந்த குறைக்கு உரிமையாளர் பணம் கட்டுவதில் நியாயமில்லை. ஆனால் அதை நிரூபிக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் ஒலி அமைப்புப் பக்கங்களையும் படம் பிடித்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. வெளிப் பட்டறையில் டேஷ்போர்டைக் கழற்றிவிட்டால், வயரை யார் தொட்டது என்ற கேள்வி எழுந்துவிடும். ஐ.நா.வின் 156ஆம் எண் வாகன விதிமுறை, புதுப்பிப்பின் நோக்கத்தையும் மாற்றத்தையும் உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும், தோல்வியடைந்தால் கார் பழைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ திரும்ப வேண்டும் என்றும் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது பொருந்துகிறது.

மலேசியாவில் பேசித் தீராத வழக்கை பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். சொந்த, வீட்டு உபயோகப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் 50,000 வெள்ளி வரை கோரலாம்; கட்டணம் 5 வெள்ளி; வழக்கறிஞர் தேவையில்லை; மூன்று ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்டம், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்கிறது. பழைய கார்களுக்கும் அது பொருந்தும். இருந்தாலும், பிறகு வந்த புதுப்பிப்பு கொண்டுவந்த குறையை அப்படி வாதிடுவது எளிதல்ல. அங்கே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரையிலும் கோரலாம். இரண்டு நாட்டிலும் முதலில் கேட்கப்படுவது எழுத்து வடிவிலான ஆதாரம். ஆகவே சேவை மையத்தில் வாயால் சொல்லிவிட்டு வராமல், குறையையும் பதிப்பு எண்ணையும் வேலைச் சீட்டில் எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளவும்.